அணை நீர்மட்டத்திலிருந்து தொடங்குவோம்: கேட் தேர்வின் டி.ஐ.எல்.ஆர். பகுதிக்கு ஒரு வழிகாட்டி

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஐந்தாறு பேர் வந்து படிக்கிறார்கள். முக்கூடல், சேரன்மகாதேவி, நாங்குநேரிப் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். பி.காம்., பி.எஸ்சி. படித்தவர்கள். ஐ.ஐ.எம். என்னும் மேலாண்மைக் கல்வி நிறுவனங்கள் நடத்தும் கேட் தேர்வை எழுதி எம்.பி.ஏ. சேர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. பொறியியல் மாணவர்கள் எழுதும் கேட் வேறு. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் புதிதாக வருகிறவர்கள் குழம்பிவிடுகிறார்கள்.

கணக்குப் பகுதிக்கு என்ன படிப்பது என்று இவர்களுக்குத் தெரியும். ஆங்கிலப் பகுதி கடினம் என்றாலும், வாசிக்க வாசிக்க வரும் என்று புரிந்திருக்கிறது. நடுவில் உள்ள டி.ஐ.எல்.ஆர். பகுதி வந்ததும்தான், “அதற்கு எந்தப் புத்தகம் அக்கா?” என்று கேட்கிறார்கள். தரவுகளைப் படித்துப் பொருள் கொள்வதும் தர்க்கமும் சேர்ந்த பகுதி அது. அதற்கெனப் பாடத்திட்டம் கிடையாது. மனப்பாடம் செய்யச் சூத்திரமும் கிடையாது. ஊரில் சொல்லித்தர ஆள் குறைவாக இருக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியே மிகவும் சாதகமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆங்கிலப் பகுதியில் சிறு வயதிலிருந்து வாசித்தவருக்குச் சாதகம் உண்டு. இதில் எல்லோரும் வெள்ளைத் தாளிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

முதலில் தேர்வின் அமைப்பு. மொத்தம் 120 நிமிடம். ஆங்கிலம், டி.ஐ.எல்.ஆர்., கணக்கு என்ற வரிசையில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பகுதியின் நேரம் முடியாமல் அடுத்ததற்குப் போக முடியாது. போன பிறகு திரும்பவும் முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறானால் 1 மதிப்பெண் குறையும். விடையை நாமே தட்டச்சு செய்கிற கேள்விகளுக்கு அந்தக் கழிவு இல்லை. டி.ஐ.எல்.ஆர். 2015 முதல் தனிப் பகுதியாக இருக்கிறது. 2023இல் 20 கேள்விகளும் 2024இல் 22 கேள்விகளும் வந்தன. தனித்தனிக் கேள்விகளாக வராமல் செட் செட்டாக வரும்: ஒரு பத்தி அல்லது அட்டவணை, அதன் கீழே நான்கைந்து கேள்விகள். ஐ.ஐ.எம்.கள் மொத்த மதிப்பெண்ணோடு ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகக் குறைந்தபட்ச அளவு வைக்கின்றன. ஆகவே கணக்கில் வாங்கி இதை ஈடுகட்டிவிடலாம் என்ற எண்ணம் பலிக்காது.

முதல் படி: நாளிதழ்

முதல் இரண்டு வாரம் பயிற்சிப் புத்தகத்தைத் தொட வேண்டாம். நெல்லைப் பதிப்பு நாளிதழ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டமும் நீர்வரத்தும் வெளியேற்றமும் அதில் வரும். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று இடவாரியாக மழை அளவு மில்லிமீட்டரில் வரும். பெரும்பாலும் இவற்றை ஒரே பத்தியாகத்தான் எழுதியிருப்பார்கள். அந்தப் பத்தியை நீங்கள் அட்டவணையாக்க வேண்டும். இடங்கள் குறுக்கு வரிசையில், தேதிகள் நெடுக்கு வரிசையில். தினமும் பத்து நிமிடம் போதும். தேர்வில் முதலில் செய்ய வேண்டிய வேலையும் இதுவேதான்: சொற்களாகக் கிடப்பதைக் கட்டமாக மாற்றுவது.

ஒரு வாரம் சேர்ந்ததும் அட்டவணையைப் பார்த்து நீங்களே கேள்வி எழுதுங்கள். எந்த அணையில் நீர்மட்டம் வேகமாக ஏறியது? வரத்து வெளியேற்றத்தைவிடக் குறைவாக இருந்த நாள் எது? பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. ஒரு நாள் பாபநாசம் 100 அடியும் மணிமுத்தாறு 90 அடியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எது தன் உயரத்தில் அதிக விகிதத்தை எட்டியிருக்கிறது? கால்குலேட்டர் வேண்டியதில்லை. 143இல் பத்தில் ஏழு என்பது 100.1, ஆகவே பாபநாசம் 70 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. 118இல் முக்கால் 88.5, மணிமுத்தாறு அதையும் தாண்டிவிட்டது. தசமப் புள்ளி வரை வகுக்காமல் எது பெரியது என்று சொல்லிவிடுவதுதான் இங்கே வேண்டிய திறமை. திரையில் ஒரு கால்குலேட்டர் கொடுப்பார்கள். மவுஸால் ஒவ்வொரு எண்ணாக அழுத்தும் அந்த வேலை நேரத்தைத் தின்னும். ஏழில் ஒன்று 14.28 விழுக்காடு, எட்டில் ஒன்று 12.5, ஒன்பதில் ஒன்று 11.11, பதினொன்றில் ஒன்று 9.09 என்பன நாக்கில் இருக்கட்டும்.

இதே அட்டவணையில் ஒரு பொறியும் இருக்கிறது. மணிமுத்தாறு 76 விழுக்காடு உயரம் என்றால் 76 விழுக்காடு தண்ணீர் என்று பொருளல்ல. நீர்த்தேக்கம் மேலே போகப்போக அகலும். பாபநாசம், மணிமுத்தாறு இரண்டின் உயரமும் வெவ்வேறு. கொள்ளளவோ இரண்டுக்கும் ஏறத்தாழ 5,500 மில்லியன் கன அடிதான். கொடுத்திருக்கும் எண் எதை அளக்கிறது என்று கேட்காமல் விடை சொல்கிறவர்களைப் பிடிக்கவே தேர்வில் கேள்விகள் வைக்கிறார்கள். இன்னொன்றும் அதே வகை: தேர்ச்சி 40 விழுக்காட்டிலிருந்து 50 ஆனால் உயர்ந்தது 10 புள்ளி; உயர்வு விகிதம் 25 விழுக்காடு.

இரண்டாம் படி: நிபந்தனைச் சொற்கள்

தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்கள் டி.ஐ.எல்.ஆர். பகுதியில் தோற்பதற்குத் தர்க்கம் வராதது காரணமல்ல என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஐந்தாறு சிறு சொற்களை அவசரத்தில் தவறாக வாசிப்பதுதான் காரணம். அதற்காக ஒரு நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்.

‘அட் லீஸ்ட் 3’ என்றால் 3 அல்லது அதற்கு மேல். ‘மோர் தேன் 3’ என்றால் 4 முதல்தான். ‘நாட் மோர் தேன் 3’ என்றால் 3உம் சேரும். ‘பிஃபோர்’ என்றால் முன்னால் எங்காவது. ‘இம்மீடியட்லி பிஃபோர்’ என்றால் ஒட்டி முன்னால். ‘ரெஸ்பெக்டிவ்லி’ என்றால் சொன்ன அதே வரிசைப்படி. எல்லாவற்றையும்விட அதிகமாகக் காலை வாரிவிடுவது ‘ஒன்லி இஃப்’. அதை நான் இப்படிச் சொல்லித் தருகிறேன்: அணை திறந்தால் மட்டுமே கார் சாகுபடி. வயலில் கார் நெல் நிற்கிறது என்றால் அணை திறந்திருக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்லலாம். அணை திறந்திருக்கிறார்கள் என்பதை வைத்துக்கொண்டு நெல் நிற்கிறது என்று சொல்ல முடியாது. விதை கிடைக்காமல் போயிருக்கலாம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை இரண்டாவது தடவை விளக்க வேண்டி வந்ததில்லை.

ஒவ்வொரு நிபந்தனையையும் வாசித்த உடனே குறியீடாக மாற்றி எழுதுங்கள். ஆங்கில வாக்கியத்துக்குத் திரும்பிப் போகும் தேவையே வரக் கூடாது. தமிழில் சுருக்கி எழுதினாலும் நல்லதுதான். உங்கள் தாளை யாரும் திருத்தப் போவதில்லை.

மூன்றாம் படி: கட்டம்

ஒரு செட்டை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். இதை நானே அமைத்தேன். தேர்வில் வருவதைவிட எளிது, ஆனால் எலும்புக்கூடு அதேதான்.

மூன்று பூக்கடைகள்: அ, ஆ, இ. மூன்று நாட்கள்: செவ்வாய், வெள்ளி, முகூர்த்த ஞாயிறு. ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு நாளும் விற்ற பிச்சிப்பூவின் அளவு 10, 20, 30 என்று 90 கிலோ வரையுள்ள ஒன்பது எண்களில் ஒன்று. ஒரு எண் ஒரு முறைதான் வரும். செவ்வாயன்று மூன்று கடைகளும் சேர்ந்து விற்றது 60 கிலோ, ஞாயிறன்று 240 கிலோ. மூன்று நாட்களையும் கூட்டினால் மூன்று கடைகளின் மொத்தமும் சமம். ஆ கடை வெள்ளியன்று விற்றது 40 கிலோ. இ கடை ஞாயிறன்று விற்றது 70 கிலோ.

புதிதாக வருகிறவர்கள் உடனே 40ஐயும் 70ஐயும் கட்டத்தில் போட்டுவிட்டு மற்ற எண்களை ஊகிக்கத் தொடங்குவார்கள். அதைச் செய்யாதீர்கள். எந்த நிபந்தனை மிகவும் இறுக்கமானது என்று தேடுங்கள். மூன்று வெவ்வேறு எண்களைக் கூட்டி 60 வர வேண்டுமானால் 10, 20, 30 தவிர வழியில்லை. 240 வர 70, 80, 90 தவிர வழியில்லை. ஆகவே வெள்ளிக்கு மிஞ்சியவை 40, 50, 60. ஒரு பேனாக் கீறல்கூட இல்லாமல் ஒன்பது எண்களும் மூன்று குவியலாகப் பிரிந்துவிட்டன. ஒன்பது எண்களின் மொத்தம் 450. ஒவ்வொரு கடைக்கும் 150.

இனி 40ஐயும் 70ஐயும் போடலாம். ஆ கடைக்கு மீதி 110. செவ்வாய்க் குவியலில் ஒன்றும் ஞாயிற்றுக் குவியலில் ஒன்றும் சேர வேண்டும்: 20உம் 90உம், அல்லது 30உம் 80உம். இ கடைக்கு மீதி 80: 30உம் 50உம், அல்லது 20உம் 60உம். ஆ கடை 20ஐ எடுத்தால் இ கடைக்கு 30. ஆ 30ஐ எடுத்தால் இ கடைக்கு 20. இரண்டு நிலைகள் கிடைத்துவிட்டன. முதல் நிலையில் அ கடை 10, 60, 80. இரண்டாம் நிலையில் அ கடை 10, 50, 90.

இங்கே பலர் “விடை ஒன்றாக வரவில்லையே, எங்கோ தப்பு” என்று எல்லாவற்றையும் அடித்துவிடுவார்கள். தப்பே இல்லை. கேள்வியைப் பாருங்கள். “அ கடை செவ்வாயன்று எவ்வளவு விற்றது?” இரண்டு நிலைகளிலும் 10தான், விடை எழுதிவிடலாம். அடுத்த கேள்வி, “அ கடை ஞாயிறன்று ஆ கடையைவிட அதிகம் விற்றிருந்தால், இ கடை வெள்ளியன்று விற்றது எவ்வளவு?” இந்தக் கூடுதல் நிபந்தனை முதல் நிலையை அடித்துவிடுகிறது, ஏனென்றால் அங்கே அ 80, ஆ 90. இரண்டாம் நிலையில் இ கடையின் வெள்ளி 60. கட்டம் முழுவதும் நிரம்பினால்தான் கேள்விக்குப் போவேன் என்ற பிடிவாதத்துக்குத் தேர்வில் பெரிய விலை கொடுக்க வேண்டிவரும். செட்டை அமைத்தவரே இரண்டு நிலைகளைத் திறந்து வைத்திருப்பார். ‘இஃப்’ என்று தொடங்கும் கேள்வி கீழே இருந்தால், கட்டம் முழுதாக மூடாது என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதனால்தான் கட்டம் போடும் முன் கேள்விகளை ஒரு முறை வாசித்துவிடச் சொல்கிறேன்.

இரண்டு நிலை வந்தால் இரண்டு கட்டம் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். ஒன்றின் மேலேயே அடித்து எழுதினால் பத்து நிமிட உழைப்பு பாழ்.

நான்காம் படி: எதை விடுவது

நான் முதல் முறை தேர்வு எழுதியபோது, முதலில் கண்ணில் பட்ட செட்டில் 26 நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். இதுவரை செய்ததை விட மனம் வரவில்லை. அதற்கு அடுத்து இருந்த செட் எளிதானது என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். அந்த ஆண்டு எனக்குப் போயிற்று. அந்த வருத்தத்தினால்தான் இந்தப் படியை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதல் ஐந்து நிமிடம் எதையும் போடாதீர்கள். எல்லாச் செட்டையும் வாசியுங்கள். நான்கு விஷயங்களைப் பாருங்கள். கட்டத்தின் வடிவம் வாசித்த உடனே மனதில் தெரிகிறதா? எண்ணோ பெயரோ நேரடியாகத் தரப்பட்ட நிபந்தனைகள் குறைந்தது இரண்டு இருக்கின்றனவா? பூக்கடைச் செட்டில் 60, 240 போல இறுக்கமான நிபந்தனை ஏதும் உண்டா? கேள்விகள் குறிப்பிட்ட ஒன்றைக் கேட்கின்றனவா, அல்லது எத்தனை வழிகள் சாத்தியம் என்று எண்ணச் சொல்கின்றனவா? முதல் மூன்றுக்கும் ஆம், கேள்விகளும் குறிப்பிட்ட ஒன்றைக் கேட்கின்றன என்றால் அந்தச் செட்டை எடுங்கள். அரைப் பக்கத்துக்குப் புது விளையாட்டு ஒன்றின் விதிகளை விவரிக்கும் செட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நீளமான செட் கடினம், குட்டிச் செட் எளிது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் நிபந்தனை அதிகமாக இருப்பதுதான் விரைவில் உடையும்.

எடுத்த செட்டில் எட்டு நிமிடம் ஆகியும் கட்டத்தில் இரண்டு இடமாவது உறுதியாக நிரம்பவில்லை என்றால் அதைவிட்டு எழுந்துவிடுங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

கணக்குப் பார்த்தால் இதன் நியாயம் தெரியும். 20 கேள்விகளையும் தொட்டு, 10 சரி, 10 தவறு என்றால், எல்லாம் தேர்ந்தெடுக்கும் வகையாக இருக்கும்பட்சத்தில், 30இல் 10 போய் 20 மதிப்பெண். ஐந்து கேள்விகள் கொண்ட இரண்டு செட்டை மட்டும் முழுவதும் சரியாகப் போட்டு மற்றதைத் தொடாமல் விட்டால் 30. ஆகவே முதல் முறை எழுதுகிறவர்கள் இரண்டு செட்டை உறுதியாக முடிப்பதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது செட்டில் எளிய கேள்வி ஒன்றிரண்டு கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். தட்டச்சு செய்கிற கேள்வியில் கழிவில்லை என்பதால் அதை வெறுமனே விட வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: பயிற்சி

ஆனியில், நெல்லையப்பர் தேர் ஓடும் சமயத்தில், தொடங்கினால் ஏறத்தாழ ஐந்து மாதம் கிடைக்கும். முதல் இரண்டு மாதம் தினம் ஒரு செட், கடிகாரம் பார்க்காமல். ஒரு மணி நேரம் ஆனாலும் நீங்களே முடியுங்கள். விடை விளக்கத்தைப் பார்த்துத் தலையாட்டுவது பயிற்சி ஆகாது. அதன்பின் தினம் இரண்டு செட், நேரம் குறித்து. முந்தைய ஆண்டுக் கேள்வித்தாள்களைத்தான் முதன்மையாக வைக்க வேண்டும். 2015 முதல் 2019 வரை இந்தப் பகுதிக்கு 60 நிமிடம் இருந்தது, 2020இல் 40 ஆனது; பழைய தாள்களைப் போடும்போது அந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

ஒவ்வொரு செட்டையும் முடித்ததும் நோட்டில் மூன்று வரி. எந்த நிபந்தனை கட்டத்தைத் திறந்தது? எங்கே நேரம் போனது? எந்தச் சொல்லைத் தப்பாக வாசித்தேன்? பத்து நாள் கழித்து அதே செட்டைத் திரும்பப் போடுங்கள். விடை தெரிந்ததைப் போடுவது வீண் என்பார்கள்; நான் ஒப்பமாட்டேன். விடை நினைவிருக்கும், வழி நினைவிருக்காது. வழிதான் வேண்டும்.

பயிற்சி நிலையத்துக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். பணம் இருந்தால் மாதிரித் தேர்வுகளுக்குச் செலவிடுங்கள். டி.ஐ.எல்.ஆர். பகுதிக்கு மட்டும் வகுப்புக்கென்று பெருந்தொகை கட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. மூன்று பேர் சேர்ந்து ஒரே செட்டைத் தனித்தனியே போட்டு, பிறகு யார் எங்கே தொடங்கினோம் என்று பேசுவது எந்த வகுப்புக்கும் குறைந்ததல்ல.

மாதிரித் தேர்வைக் கைப்பேசியில் எழுதாதீர்கள். தேர்வு கணினியில் நடக்கிறது. திரையில் அட்டவணை, கையில் தாள் என்று கண் மாறி மாறிப் போக வேண்டும். வீட்டில் கணினி இல்லையென்றால் கல்லூரி ஆய்வகத்தில் கேளுங்கள். தேர்வு காலை, மதியம், மாலை என்று மூன்று வேளைகளில் நடக்கும், உங்களுக்கு எது வரும் என்று நுழைவுச்சீட்டு கிடைக்கும்வரை தெரியாது. மூன்று வேளையிலும் எழுதிப் பழகுங்கள். இன்னொன்று, பலர் கவனிக்காதது: டி.ஐ.எல்.ஆர். தொடங்கும்போது நீங்கள் ஏற்கெனவே 40 நிமிடம் ஆங்கிலப் பத்திகளை வாசித்துக் களைத்திருப்பீர்கள். ஆகவே வாரத்தில் சில நாட்களாவது 40 நிமிடம் வாசித்த பிறகு செட்டை எடுங்கள். காலையில் எழுந்த தெளிவோடு போட்டுப் பார்த்து வரும் மதிப்பெண் உங்களை ஏமாற்றும்.

தேர்வு நாள்

நவம்பர் கடைசி என்றால் வடகிழக்குப் பருவமழை. மையம் வெளியூரில் கிடைத்திருந்தால் முதல் நாள் மாலையே போய்விடுங்கள்; காலை முதல் பஸ்ஸை நம்பிக் கிளம்ப வேண்டாம். நுழைவுச்சீட்டின் அச்சுப் படியும் அசல் அடையாள அட்டையும் நனையாத உறையில் இருக்கட்டும். எழுதிப் பார்க்கும் தாளை மையத்திலேயே தருவார்கள். அதில் ஒரு செட்டுக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி, மேலே செட்டின் எண்ணை எழுதுங்கள். விட்டுவிட்டு வந்த செட்டுக்குத் திரும்பும்போது உங்கள் கட்டத்தை நீங்களே தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

டி.ஐ.எல்.ஆர். பகுதியின் நாற்பதாவது நிமிடம் முடிந்ததும் திரை தானாகவே கணக்குப் பகுதிக்குப் போய்விடும். பாதியில் நிற்கும் கட்டம் ஒன்று கட்டாயம் தாளில் கிடக்கும். அந்தப் பக்கத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு, வெள்ளைப் பக்கத்தில் முதல் கணக்கைத் தொடங்குங்கள்.